சீட்டில் ‘பாசிட்டிவ்’, கையில் 22 நாட்கள்

கேள்வி: எனக்கு வயது 38. தேனி மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். போன வாரம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரோடு நானும் போனேன். அவர்கள் மூவருக்கும் ‘நெகட்டிவ்’. என் சீட்டில் மட்டும் சிவப்பு மையில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளச் சொன்னார்கள். அதற்கு இன்னும் 22 நாட்கள் இருக்கின்றன. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. என் பெரியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். ஒரு நாளைக்குப் பத்து முறை கழிப்பறைக்குப் போய் ரத்தம் படுகிறதா என்று பார்க்கிறேன். இரவெல்லாம் போனில் தேடிப் படிக்கிறேன். நெஞ்சு படபடக்கிறது. இந்த 22 நாளில் பரவிவிடுமா? தெரிந்த தனியார் மருத்துவர் ஒருவர், “பிள்ளை பெற்றாயிற்று, பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது” என்கிறார். எடுத்துவிடலாமா? கணவரிடம் சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்றும் பயம். 13 வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்குத் தடுப்பூசி போடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நடுவில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாதவரை மற்ற எதையும் உங்களால் நிதானமாகப் படிக்க முடியாது. 22 நாட்களில் இது பரவிவிடாது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்த நோய் நடக்கும் நடையே அப்படி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாக எல்லாரிடத்திலும் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது தொற்றிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிட்டவர்களுக்கும் அந்த இடத்துச் செல்கள் படிப்படியாக மாறிப் புற்றுநோய் ஆவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குச் சற்றுச் சீக்கிரம் நடக்கலாம். அவர்களுக்கும் கணக்கு ஆண்டுகளில்தான்.

இதற்கு உலகத்தில் கிடைத்திருக்கும் வலுவான சான்று ஒன்று உண்டு. அது கிடைத்திருக்கவே கூடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில், 1960-களிலும் 70-களிலும், புற்றுநோய்க்கு முந்தைய கடைசிப் படியில் இருந்த பெண்கள் பலருக்கு முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சம்மதம்கூடக் கேட்கவில்லை. பின்னாளில் அரசு விசாரணை நடந்து 1988-இல் அறிக்கை வெளியானது. அந்தப் பெண்களின் பதிவுகளைப் பிறகு ஆராய்ந்தபோது, சரியான சிகிச்சை கிடைக்காதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கு என்று தெரிந்தது. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் தணியவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அதற்குள் ஒரு பதில் இருக்கிறது. இருப்பதிலேயே மோசமான படி, சிகிச்சை இல்லை, 30 ஆண்டு காலம். அப்படியும் நூற்றில் 69 பேருக்கு வரவில்லை. நீங்கள் ஏதாவது ஒரு படியில் இருக்கிறீர்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை. காத்திருக்கப் போவதோ மூன்று வாரம்.

அந்தச் செவிலியர் உங்களிடம் என்ன பார்த்தார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வரிசை நீளமாக இருந்திருக்கும். நான் சொல்கிறேன். பஞ்சில் 3 முதல் 5 சதவீத அசிடிக் அமிலத்தைத் தோய்த்துக் கர்ப்பப்பையின் வாயில் வைத்திருப்பார். ஊறுகாய்க்கும் சைனீஸ் நூடுல்சுக்கும் ஊற்றும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான்; அந்தப் புளித்த வாடை உங்களுக்கும் அடித்திருக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருப்பார். செல்கள் நெருக்கமாக, உட்கரு பெரிதாக இருக்கும் இடம் அந்த அமிலம் பட்டதும் வெள்ளையாகத் தெரியும். சிறிது நேரத்தில் அந்த வெள்ளை மறைந்தும் போய்விடும். அந்த வெள்ளைத் திட்டுக்குத்தான் ‘பாசிட்டிவ்’ என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், அந்த வெள்ளை புற்றுநோய்க்கு முந்தைய செல்களுக்கு மட்டும் வருவதில்லை. கிருமித் தொற்றால் புண்பட்ட இடமும் வெளுக்கும். பிரசவத்தில் கிழிந்து ஆறிய இடத்தில் வளரும் புதுச் செல்லும் வெளுக்கும். இந்தப் பரிசோதனையின் வேலை சந்தேகப்பட்ட யாரையும் விட்டுவிடாமல் பிடித்துக் கொடுப்பது. தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. உங்கள் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்குச் செவிலியர்களே இந்தப் பரிசோதனையைச் செய்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 31,343 பேரைப் பரிசோதித்ததில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அதாவது பத்தில் ஒருவர். அத்தனை பேருக்கும் புற்றுநோயா என்றால் இல்லை, மிகச் சிலருக்குத்தான். ஆனால் அவர்களை விடாமல் கூப்பிட்டு, கால்போஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் அந்த முடிவு வெளியானது. அதே காலத்தில்தான் தமிழக அரசு இந்தப் பரிசோதனையை உங்கள் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. நீங்கள் படுத்த அந்த மேசைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

“எனக்குப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள்” என்று உங்கள் மனம் கேட்கும். அதை நான் எழுதித் தர முடியாது. பார்க்காமல் எழுதித் தருபவரை நீங்களும் நம்பக் கூடாது. வாய்ப்பு மிகக் குறைவு என்பதும், அப்படியே இருந்தாலும் மூன்று வாரத் தாமதம் சிகிச்சையின் பலனை மாற்றாது என்பதும் நான் சொல்லக்கூடியவை.

பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோயைப் போல இதைக் குடும்பச் சொத்தாக நினைக்க வேண்டியதில்லை. பரம்பரைக்கு இதில் பங்கு சிறிதுதான். அவருக்கு இப்படி ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி ஒரு சீட்டு எழுதித் தர அன்று யாரும் இல்லை. பெரும்பாலும் ரத்தப்போக்கு வந்து, அதையும் சில மாதம் வெளியில் சொல்லாமல் இருந்து, பிறகுதான் அந்தத் தலைமுறைப் பெண்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். நீங்கள் நிற்கும் இடம் வேறு.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 30 ஆண்டுகளுக்கு முன்பு, நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வந்திருந்தார். கர்ப்பப்பை வாய் பார்ப்பதற்கு எனக்குத் திருப்தியாக இல்லை. “பயப்பட ஒன்றும் இல்லை, அப்புறம் ஒரு நாள் வாருங்கள், நன்றாகப் பார்த்துவிடலாம்” என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ‘ஒரு நாள்’ என்றால் என்றைக்கு? அந்தச் சீட்டில் தேதி எழுதாமல் விட்டது என் கை. நான்கு ஆண்டுகள் கழித்து ரத்தப்போக்கோடு வந்தார். மதுரைக்கு அனுப்பி, கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்து, பிழைத்துக்கொண்டார். “நீங்கள்தானே டாக்டரம்மா ஒன்றும் இல்லை என்று சொன்னீர்கள்” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘22 நாட்கள்’ என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நோயில் மூன்று வாரம் காத்திருந்து யாரும் கெட்டுப்போகவில்லை. தேதி இல்லாமல் காத்திருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள்: பயத்தினால் சீட்டைச் சமையலறை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தவர்கள், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள், ஃபோன் வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள். ஆகவே, உங்கள் பயத்தை இந்த ஒரு வேலைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் தேதி உண்மையிலேயே பதிவாகி இருக்கிறதா? எந்தக் கட்டடம், எந்த அறை, எத்தனை மணிக்கு? உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரின் எண்ணை வாங்கிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாதவிடாய் வந்துவிட்டால் யாரிடம் சொல்லித் தேதியை மாற்றுவது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். மாற்றினாலும் இன்னொரு தேதியை வாங்கிக்கொண்டுதான் பேச்சை முடிக்க வேண்டும். சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தக் கழிப்பறை நடை. பத்து முறை பார்க்கிறேன் என்கிறீர்கள். போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றதும் ஐந்து நிமிடம் நிம்மதி. ஆறாவது நிமிடம், “சரியாகப் பார்த்தேனா?” என்று மனம் கேட்கும். இந்தப் பயம் கந்துவட்டிக்காரன் மாதிரி. கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிறுநீர் கழிக்கப் போகும்போது கண்ணில் படுவது போதும். பார்ப்பதற்கென்றே போக வேண்டாம். ஒரே நாளில் நிறுத்த வராது. பத்தை ஆறாக்குங்கள், ஆறை மூன்றாக்குங்கள். போகத் தோன்றும்போது பதினைந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள்; கடையில் பிரித்துப் போட்ட புடவைகள் இருக்குமே, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடியுங்கள். மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் பயத்தின் வேலை. கர்ப்பப்பை வாயில் இருக்கும் எதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்காது.

போனையும் இரவில் அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். தேடுபவர் பயந்திருக்கிறாரா, எந்தப் படியில் இருக்கிறார் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ‘கர்ப்பப்பை வாய்’ என்று அடித்தால் நான்காம் நிலை நோயாளியின் கதையை எடுத்து நீட்டும். அதற்குப் பதிலாக, கடை மூடி வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். நானும் முதலில் சிரித்தேன். மனநல மருத்துவர்கள் கற்றுக்கொடுக்கும் முறை இது, பலன் தருகிறது. ஒரு நோட்டில் அன்றைக்கு வந்த பயத்தையெல்லாம் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அது மறுபடி எழுப்பினால், “நாளை ஏழு மணிக்கு வா” என்று அனுப்பிவிடலாம். எழுதியதில் எதுவெல்லாம் மருத்துவரிடம் கேட்கக்கூடிய கேள்வியோ அதைப் பின் பக்கத்தில் தனியாக எழுதி எண் போடுங்கள். ஐந்துக்கு மேல் தேறாது என்று நினைக்கிறேன்.

இப்படியெல்லாம் செய்தும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் அறவே இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். காசு வேண்டாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி: வேண்டாம். ஒரு வெள்ளைத் திட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்பவரிடம் நான் என் வீட்டுப் பெண்களை அனுப்ப மாட்டேன். “பிள்ளை பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு” என்ற பேச்சை நம் ஊரில் எத்தனை முறை கேட்டுவிட்டேன்! பயாப்சி, அதாவது சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது, செய்யாமல் எடுத்தால் இரண்டு வகையில் தப்பு. ஒன்றுமே இல்லாதிருந்தால் வீணாக ஒரு பெரிய அறுவை சிகிச்சை; கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் 38 வயதிலேயே மாதவிடாய் முடிந்த உடம்பு. ஒருவேளை உள்ளே புற்றுநோய் இருந்தால், சாதாரண முறையில் எடுப்பது அதற்குரிய அறுவை சிகிச்சையே அன்று. பிறகு கொடுக்க வேண்டிய சிகிச்சையையும் அது சிக்கலாக்கும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று வந்தால்கூட, அந்த இடத்தை மட்டும் சூடு வைத்துப் பொசுக்குவதோ, மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுப்பதோ பெரும்பாலும் போதும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். முதல் படி மாற்றம் என்றால் பல நேரம் அதுவும் தேவைப்படாது. ஓர் ஆண்டு கழித்து மறுபடி பார்த்தால் போதும், பெரும்பாலும் தானாகவே சரியாகியிருக்கும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். தப்பாக நினைப்பாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன தப்பு என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குப் புரிகிறது. ‘நடத்தை சரியில்லாதவளுக்கு வரும் நோய்’ என்று யாரோ திண்ணையில் சொன்னதை நம் பெண்கள் மனசில் சுமந்துகொண்டே பரிசோதனை மேசையில் படுக்கிறார்கள். உங்களுக்குச் செய்தது வைரஸ் பரிசோதனைகூட இல்லை, வினிகர் பரிசோதனை. நாளைக்கு ஹெச்.பி.வி. இருக்கிறது என்றே வந்தாலும், அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் என்றைக்காவது ஒரு முறை அது தொற்றும். பத்து, பதினைந்து வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் தலைகாட்டவும் செய்யும். உங்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. அவரைப் பற்றியும் எதையும் சொல்லாது. நீங்கள் லாரி ஓட்டுநரின் மனைவி என்பதால் இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஃபோனில் சொல்ல வேண்டாம். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் இருக்கும் பத்து நாட்களில் ஒரு நாள், சாப்பிட்டு முடித்த பிறகு, சீட்டைக் கையில் கொடுங்கள். “ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறதாம். என்ன என்று பார்க்க இந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, கூட வாருங்கள்.” இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. அவர் வர முடியாத நாளாக இருந்தால் அண்ணியோ அக்காவோ வரட்டும். உங்களோடு பரிசோதனைக்கு வந்த மூவரில் ஒருத்தியை ஏன் கேட்கக் கூடாது? அவளுக்குச் சீட்டு விஷயம் முன்பே தெரியும்.

அந்த நாளைப் பற்றி. காலையில் சாப்பிட்டுவிட்டே போங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் தாம்பத்திய உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். நாப்கின் ஒன்று பையில் இருக்கட்டும். கால்போஸ்கோப் உடம்புக்குள் போகிற கருவி இல்லை. அது ஓர் அடி தள்ளி நிற்கும் பூதக்கண்ணாடி. உள்ளே போவது அன்றைக்குப் போட்ட அதே விரிப்பான்தான். மறுபடி வினிகர், பிறகு அயோடின். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். சந்தேகமாக இருந்தால் அரிசி மணியைவிடச் சிறிய துணுக்கை எடுப்பார்கள். சுருக்கென்று ஒரு கிள்ளு, மாதவிடாய் வலி போல ஓர் இழுப்பு, அவ்வளவுதான். ரத்தம் நிற்க ஒரு பசை தடவுவார்கள். அதனால் இரண்டு மூன்று நாட்களுக்குக் காப்பித்தூள் மாதிரி கறுப்பாகப் படும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதால் நடுராத்திரியில் ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். நாப்கின் நனைந்து நனைந்து மாற்றும் அளவுக்கு ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே போங்கள். துணுக்கைப் போட்ட பாட்டிலில் உங்கள் பெயரும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் எட்டிப் பார்த்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயாப்சி முடிவுக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்கும் தேதி கேட்டு வாங்கிக்கொண்டுதான் அறையைவிட்டு எழ வேண்டும்.

இடையில், உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவற்றில் எது வந்தாலும் 22-ஆம் நாளுக்காகக் காத்திருக்காமல் சீட்டோடு நேரே போய்விடுங்கள். அப்படி வந்தாலும் புற்றுநோய்தான் என்று அர்த்தம் இல்லை. முன்னதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

மகளுக்கு 13 வயது என்கிறீர்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு 9 முதல் 14 வயதுதான் நல்ல காலம். வைரஸ் உடம்பைத் தொடும் முன்பே போட்டுவிட வேண்டும். உங்கள் பரிசோதனை முடிவு என்னவாக இருந்தாலும் அவளுக்குப் போடலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கே கிடைக்கும், எத்தனை ஊசி என்பதை உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எப்படியும் தேதியை உறுதி செய்ய அவரைத்தான் பார்க்கப் போகிறீர்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.